குளிர்கால அலாட்மென்ட்: அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் வழிமுறை

பிரிட்டனில் கவுன்சிலிடமோ தோட்டச் சங்கத்திடமோ ஆண்டு வாடகைக்கு அலாட்மென்ட் எனப்படும் நிலம் எடுத்துக் காய்கறி பயிரிடுவோருக்கு, நவம்பர் தொடங்கி மார்ச் முடியும் வரை ஏறத்தாழ ஒரே வகைக் கோளாறுகளே ஆண்டுதோறும் திரும்பி வருகின்றன. முழு அளவு நிலம் என்பது பழைய கணக்கில் 10 ராட், அதாவது சுமார் 250 சதுர மீட்டர். அது பெரும்பாலும் வீட்டை ஒட்டி இராமல் சில தெருக்கள் தள்ளி இருக்கும். டிசம்பர் கடைசியில் லண்டனில் பகல்பொழுது 8 மணி நேரத்துக்கும் குறைவு என்பதால், வேலைக்குப் போகிறவர்கள் வார இறுதியில் மட்டுமே நிலத்தைப் பார்க்க முடிகிறது. கோளாறு தொடங்கிப் பல நாள் கழிந்த பிறகுதான் அது கண்ணில் படுகிறது. அப்போது அவசரப்பட்டுச் செய்யும் வேலை கோளாற்றைப் பெரிதாக்கிவிடுகிறது.

சொந்த நிலத்திலும் அக்கம்பக்கத்து நிலங்களிலும் பல குளிர்காலங்களாக இவற்றைச் சரிசெய்து வந்ததில் எனக்கு உறுதிப்பட்ட ஒன்று உண்டு: இங்கே பயிரைக் கெடுப்பதில் குளிரைவிட ஈரத்துக்கே பங்கு அதிகம். 2022 டிசம்பரில் வந்ததைப் போன்ற கடும் உறைபனி சில நாள்களில் போய்விடும். மழையோ 2022 அக்டோபர் முதல் 2024 மார்ச் வரையிலான 18 மாதங்களில், 1836இல் தொடங்கும் இங்கிலாந்தின் பதிவேட்டிலேயே மிக அதிகமாகப் பெய்தது. ஆகவே எந்த அறிகுறியைக் கண்டாலும், பனியைக் குற்றம் சொல்வதற்கு முன் தண்ணீர் எங்கே நிற்கிறது, காற்று எங்கே அடைபட்டிருக்கிறது என்று பாருங்கள். கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலிலும் பணமும் வெளியாள் உதவியும் தேவைப்படும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

## பாத்தியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது

### மழை விட்டு ஒரு நாளில் வடிந்துவிடுகிறது

இது கோளாறு அல்ல. களிமண் நிலம் மழையை வாங்கிக்கொள்ளச் சற்று நேரம் எடுத்துக்கொள்ளும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வடியும் வரை அதன்மேல் காலை வைக்காதீர்கள். ஈரக் களிமண்ணை ஒரு முறை மிதித்தாலே அதிலுள்ள காற்றுத் துளைகள் நசுங்கிவிடும், அடுத்த மழைக்கு அதே காலடித் தடத்தில்தான் தண்ணீர் முதலில் நிற்கும். வெங்காயக் குடும்பத்தைச் சேர்ந்த லீக்ஸ் பிடுங்கவோ கீரை பறிக்கவோ உள்ளே போய்த்தான் ஆக வேண்டும் என்றால், எடை பரவும்படி அகலமான பழைய பலகை ஒன்றைப் போட்டு அதன்மேல் நின்று வேலை செய்யுங்கள். செருப்படியில் மண் ஒட்டுகிறது என்றால் அன்றைக்கு மண்ணைக் கிளற வேண்டாம் என்று பொருள்.

### இரண்டு மூன்று நாளாகியும் வடியவில்லை

முதலில் மேற்பரப்பைப் பாருங்கள். மண் வழவழவென்று மூடிக்கொண்டு பளபளத்தால், வெறும் மண்ணில் மழை நேராக அடித்து அதன் துளைகளை அடைத்திருக்கிறது. அறுவடை முடிந்த பாத்திகளைத் திறந்தபடி விட்டதுதான் இதற்குக் காரணம். இந்தக் குளிர்காலத்துக்கு அதன்மேல் ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்கு மக்கிய எருவைப் பரப்பினால் போதும். கொத்திக் கலக்க வேண்டியதில்லை, மண்புழு அதைப் பார்த்துக்கொள்ளும். அடுத்த ஆண்டு செப்டம்பரிலேயே தானிய வகையான குளிர்கால ரையை விதைத்துவிட்டால் பாத்தி மூடியிருக்கும்.

மேற்பரப்பு நன்றாக இருந்தும் தண்ணீர் நின்றால், 60 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி அதன் சுவர்களைக் கவனியுங்கள். ஓர் அடி ஆழத்தில் தகடுபோல் இறுகிய அடுக்கு தென்பட்டால், பல ஆண்டுகளாக ஒரே ஆழத்தில் எந்திரக் கலப்பை ஓட்டியதன் விளைவாக அது இருக்கலாம். மண் ஓரளவு உலரும் ஏப்ரலில் மண் கிளறும் முட்கருவியான ஃபோர்க்கை அந்த அடுக்கு வரை இறக்கி அசைத்து உடைக்கலாம். அடிமண் நீலச் சாம்பல் நிறத்தில் புளித்த வாடையுடன் இருந்தால், அங்கே நீண்ட காலமாகக் காற்றே புகவில்லை. குழியைத் தண்ணீரால் நிரப்பி மறுநாள் வந்து பாருங்கள். 24 மணி நேரத்துக்குப் பிறகும் தண்ணீர் நின்றால் அந்த இடத்தில் வடிகால் குறைவு என்று முடிவு செய்யலாம்.

அப்படிப்பட்ட இடத்தில் பலகை அடைத்து 20 முதல் 30 சென்டிமீட்டர் உயர்த்திய பாத்திதான் நியாயமான தீர்வு. களிமண்ணை இளக்க மணல் கொட்டும் பழக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். நிலத்தின் தன்மை மாறும் அளவுக்கு மணல் சேர்ப்பதென்றால் டன் கணக்கில் வேண்டும், கொஞ்சம் சேர்த்தால் பயனில்லை. சொந்தமாகக் கால்வாய் வெட்டி நீரை வெளியேற்றுவதும் வேண்டாம். அது பக்கத்து நிலத்துக்குத்தான் போய்ச் சேரும். பல நிலங்களில் ஒரே நேரத்தில் தண்ணீர் நின்றால், ஓரத்துச் சாக்கடைப் பள்ளம் இலைகளால் அடைபட்டிருக்கிறதா என்று எல்லாருமாகச் சேர்ந்து நடந்து பாருங்கள். அதுவும் திறந்திருந்தால் விஷயம் தனி ஒருவரின் கையில் இல்லை. தோட்டச் செயலாளர் வழியாகக் கவுன்சிலுக்கு எழுத்தில் தெரிவித்து, வடிகால் அமைப்பவரை வரவழைக்கச் சொல்ல வேண்டும்.

### மழையே இல்லாத வாரத்திலும் ஓரிடம் மட்டும் சேறாக இருக்கிறது

நிலத்தடிக் குழாய் வெடித்திருக்க வாய்ப்பு அதிகம். தண்ணீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் கூடுவதால், ஆழமின்றிப் புதைத்த குழாய்கள் முதலில் உடைகின்றன. தோட்டத்துக் குழாய்கள் எல்லாவற்றையும் மூடச் சொல்லிவிட்டு மீட்டரைப் பாருங்கள். அது அப்போதும் சுற்றினால் கசிவு மீட்டருக்கு இப்பால் இருக்கிறது, பொறுப்பு தோட்டத்துடையது. மீட்டர் அசையாமல் நின்றும் சேறு இருந்தால் தண்ணீர் நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். பொதுக் குழாயை நீங்களே தோண்டி ஒட்டுப் போடாதீர்கள். தகுதிபெற்ற பிளம்பர்களைப் பட்டியலிடும் வாட்டர்சேஃப் பதிவேட்டில் உள்ள ஒருவரைச் சங்கம் அழைப்பதே முறை.

## குழாயில் தண்ணீர் வரவில்லை

பெரும்பாலான தோட்டங்களில் அக்டோபர் அல்லது நவம்பரில் தண்ணீரை நிறுத்தி, வசந்தம் வந்ததும் மீண்டும் திறந்துவிடுவார்கள். அறிவிப்புப் பலகையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தண்ணீர் இருந்தும் உங்கள் குழாய் மட்டும் வரவில்லை என்றால் உள்ளே உறைந்திருக்கிறது. நெருப்பு காட்டாமல், வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைச் சுற்றி இளக விடுங்கள். மழைநீர்ப் பீப்பாயை விளிம்புவரை நிறைய விடாமல் கால்பங்கைக் காலியாக வைத்தால் பனியில் வெடிக்காது.

## கோஸ் வகைச் செடிகளில் கோளாறு

கோஸ், கேல், பிரசல்ஸ் ஸ்பிரவுட்ஸ், ஊதா புரோக்கலி ஆகியவைதான் குளிர்காலத்தின் முதன்மையான விளைச்சல். இவற்றைப் பற்றித்தான் அதிகமானோர் வந்து கேட்கிறார்கள்.

### இலையில் நடு நரம்பு மட்டும் எஞ்சியிருக்கிறது

இது மரப்புறாவின் வேலை. இலையின் மென்பகுதியைக் கிழித்துத் தின்றுவிட்டுத் தண்டையும் தடித்த நரம்புகளையும் விட்டுப்போகும். தரையில் அதன் எச்சமும் கிடக்கும். நத்தையாக இருந்தால் துளைகள் வட்டமாகவும் அருகில் காய்ந்த கோழைத் தடமும் இருக்கும். குருத்து அப்படியே இருந்தால் செடியைப் பிடுங்காதீர்கள், மார்ச்சில் துளிர்த்துவிடும். பளபளக்கும் தட்டு, பழைய சி.டி. முதலியவற்றுக்குப் புறா சில நாள் மட்டுமே அஞ்சும். வலைதான் காக்கும், அதுவும் இலையில் படாதபடி வளைவுக் கம்பிகளின் மேல் விறைப்பாகக் கட்டிய வலை. தளர்ந்து தொங்கும் வலையில் சிறு பறவைகளும் முள்ளெலியும் சிக்கி உயிர்விடுகின்றன என்பதை மறக்க வேண்டாம். பனிப்பொழிவு வரும் என்று தெரிந்தால் மேல்வலையைக் கழற்றிவிடுங்கள், அல்லது பனி விழுந்ததும் தட்டிவிடுங்கள். ஈரப்பனியின் எடையில் கம்பிகள் வளைந்து செடியையும் சேர்த்து முறித்துவிடும்.

### செடி சாய்ந்து ஆடுகிறது

அடித்தண்டைச் சுற்றி மண்ணில் குழிபோன்ற இடைவெளி விழுந்திருந்தால் காற்று செடியை ஆட்டி வேரை அறுத்திருக்கிறது. அந்தக் குழியில் தண்ணீர் நின்றால் தண்டு அழுகும். சேறாக இல்லாத நாளில் மண்ணைக் குதிகாலால் இறுக்கி, தண்டின் கீழ்ப்பகுதிவரை மண் அணைத்து, உயரமான ஸ்பிரவுட்ஸ் செடிகளைக் கழியில் கட்டுங்கள். மண்ணை இறுக்கிய பிறகும் செடி எளிதாகக் கையோடு வந்துவிட்டால் வேரைக் கழுவிப் பார்க்க வேண்டும். அதைக் கீழே சொல்கிறேன்.

### இலை மஞ்சளாகவோ ஊதாவாகவோ மாறுகிறது

அடி இலைகள் மட்டும் மஞ்சளாகி உதிர்வது முதுமை. அவற்றைப் பறித்து அப்புறப்படுத்துங்கள், இல்லாவிட்டால் பூஞ்சணமும் நத்தையும் அங்கே தங்கும். இலை ஊதா நிறம் கொள்வது, குளிர்ந்த மண்ணிலிருந்து வேர் பாஸ்பரசை எடுக்க இயலாததால் பெரும்பாலும் நேர்கிறது. மண் சூடேறியதும் தானாகச் சரியாகிவிடும். இந்த இரண்டுக்கும் ஜனவரியில் உரம் போடுவது வீண். செடி எடுத்துக்கொள்ளாத தழைச்சத்தை மழை அடித்துக்கொண்டு போய்விடும். மார்ச்சில் புதுத் துளிர் வரும்போது போடுங்கள்.

### செடி குன்றி நிற்கிறது, வெயில் பட்டால் வாடுகிறது

ஒரு செடியை மெதுவாகத் தோண்டி எடுங்கள். வேர் விரல்போல் பருத்து முண்டு முண்டாக இருந்து, அழுகிய நாற்றமும் வந்தால் அது கிளப்ரூட் என்னும் வேர்நோய். அதன் வித்துகள் மண்ணில் 20 ஆண்டுகள்வரை உயிரோடு இருக்கக்கூடும். மருந்து கிடையாது. பாதித்த செடிகளை வேரோடு எடுத்து வெளியேற்றுங்கள், கம்போஸ்ட் குவியலில் போடாதீர்கள். மண்வெட்டியையும் பூட்ஸ் அடியையும் கழுவிவிட்டுத்தான் அடுத்த பாத்திக்குப் போக வேண்டும். குளிர்காலத்திலேயே சுண்ணாம்பு இட்டு மண்ணின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவை 7க்குச் சற்று மேலே கொண்டுவந்தால் நோயின் வேகம் குறையும். எருவையும் சுண்ணாம்பையும் ஒரே நேரத்தில் சேர்க்காதீர்கள். அந்த இடத்தில் அடுத்து உருளைக்கிழங்கு போடுவதாக இருந்தாலும் சுண்ணாம்பு வேண்டாம், கிழங்குத் தோலில் சொறி வரும். நோய் எதிர்க்கும் ரகங்கள் கிடைக்கின்றன, அவற்றுக்குக் கொடுக்கும் கூடுதல் விலை தகும்.

## லீக்ஸ் முறுக்கிக்கொண்டு பிளக்கிறது

இலையில் கம்பித்துருவின் நிறத்தில் தூள் படிந்திருந்தால் அது துருநோய். வெளி இலைகளை உரித்துவிட்டுச் சமைக்கலாம், கடுங்குளிர் அதன் பரவலை நிறுத்திவிடும். இலை நுனிகளில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக இருந்து, தண்டு கோணி, உரித்துப் பார்த்தால் இதழ்களுக்கிடையே மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளப் பழுப்புக் கூட்டுப்புழுக்கள் தெரிந்தால் அது அல்லியம் இலைத்துளைப்பான் ஈ. 2002இல்தான் இது பிரிட்டனில் முதலில் காணப்பட்டது; இன்று பல தோட்டங்களில் லீக்ஸ் பயிரையே கைவிட வைத்திருக்கிறது. மார்ச், ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் முட்டையிடும். ஆகவே அந்த மாதங்கள் தொடங்குவதற்கு முன்பே, கண் ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய பூச்சிவலையால் பாத்தியை முழுதும் மூட வேண்டும். சென்ற ஆண்டு வெங்காயமோ பூண்டோ இருந்த இடத்தில் வலை கட்டினால் மண்ணிலிருந்து கிளம்பும் ஈ உள்ளேயே அடைபடும், ஆகவே பயிரை வேறு பாத்திக்கு மாற்றுவது கட்டாயம்.

அடிப்பகுதியில் வெள்ளைப் பஞ்சும் அதன்மேல் கசகசா போன்ற கரும்புள்ளிகளும் இருந்தால் அது வெள்ளை அழுகல். அந்தப் பாத்தியில் இனிப் பல ஆண்டுகளுக்கு வெங்காயக் குடும்பம் எதுவும் வேண்டாம்.

## விதைத்த பிராட் பீன்ஸ் முளைக்கவில்லை, பூண்டு மேலே கிடக்கிறது

பூண்டுப் பற்கள் மண்மேல் கிடந்தால் பறவை இழுத்துப் போட்டிருக்கிறது. வேர் அறுபடாதபடி கையால் குழி செய்து மீண்டும் புதைத்து, வேர் பிடிக்கும்வரை வலை போடுங்கள். பூண்டுக்குக் குளிர் கெடுதல் இல்லை. சில வாரக் குளிர் கிடைத்தால்தான் அது பல் பிரியும்.

நவம்பரில் போட்ட பிராட் பீன்ஸ் வரிசையில் சிறு குழிகள் இருந்தால் சுண்டெலி விதையைத் தின்றிருக்கிறது. குழி இல்லையென்றால் ஒரு விதையைத் தோண்டிப் பாருங்கள்: கெட்டியாக இருந்தால் காத்திருங்கள், கூழாகியிருந்தால் ஈரத்தில் அழுகிவிட்டது. எலி தின்றிருந்தாலும் அழுகியிருந்தாலும் பிப்ரவரியில் வீட்டுக்குள் சிறு தொட்டிகளில் விதைத்து மார்ச்சில் நடலாம், அறுவடை சற்றே பிந்தும்.

முளைத்த செடியின் இலை சுருண்டு குவிந்து, நுனி பெரணி இலைபோல் மடங்கியிருந்தால் எருவைச் சந்தேகியுங்கள். புல்வெளியில் அடித்த களைக்கொல்லி வைக்கோல் வழியாகக் குதிரைச் சாணத்தில் தங்கி வருவதுண்டு. குளிர்காலத்தில் எரு வண்டி வந்ததும் அதைப் பரப்பாமல், மூன்று தொட்டிகளில் எரு கலந்த மண்ணிலும் மூன்றில் எரு இல்லாமலும் பிராட் பீன்ஸ் விதைத்து ஒப்பிடுங்கள். எருத் தொட்டிகளில் மட்டும் இலை கோணினால் அதை நிலத்தில் சேர்க்கக் கூடாது, கொண்டுவந்தவரே திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும். இந்தச் சிறிய சோதனையைச் செய்யாமல் எருவைப் பரப்பிய நிலங்களில், தக்காளியும் உருளைக்கிழங்கும் போன கோலத்தைப் பார்த்தவர்கள் அதை ஒருபோதும் தவிர்க்க மாட்டார்கள்.

## கண்ணாடிக் குடிலில் சாம்பல் பூஞ்சணம்

கதவைத் திறங்கள். குளிர் புகுமென்று அஞ்சி மாதக்கணக்கில் பூட்டிவைப்பதுதான் முதன்மையான காரணம். உறைபனி இல்லாத நாள்களில் நண்பகலில் இரண்டு மணி நேரம் காற்றோட்டம் கொடுங்கள், காலையில் மட்டும் அளவாக நீர் விடுங்கள், காய்ந்த இலைகளை அகற்றுங்கள். மண்ணெண்ணெய் அடுப்பு வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது, ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறத்தாழ அதே அளவு தண்ணீர் ஆவியாகக் குடிலுக்குள் சேர்கிறது என்பது. காற்றோட்டமில்லாத இடத்தில் கார்பன் மோனாக்சைடும் சேரும். உள்ளே உட்கார்ந்து வேலை செய்யும்போது அதை ஏற்றி வைக்காதீர்கள். பாலித்தீன் போர்த்திய குடிலான பாலிடனல் மேல் பனி குவிந்தால் உள்ளிருந்து மெத்தென்ற துடைப்பத்தால் தள்ளுங்கள்.

கோடையில் குடிலில் வைத்த கறிவேப்பிலைத் தொட்டியை அக்டோபரிலேயே வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். வீட்டுக்குள் அது இலை உதிர்ப்பது வெளிச்சக் குறைவால்தான். நகத்தால் தண்டைக் கீறி உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. தொட்டி மண் மேலே உலர்ந்த பிறகே சிறிது நீர் ஊற்றுங்கள். இலையில்லாத செடிக்கு இரக்கப்பட்டு ஊற்றும் தண்ணீர்தான் வேரை அழுகவைக்கிறது.

## சேமித்த கிழங்கும் வெங்காயமும் கெடுகின்றன

உருளைக்கிழங்கு இனித்தால் இடம் மிகவும் குளிர்ந்திருக்கிறது. 5 முதல் 10 டிகிரி செல்சியஸ் உள்ள இருட்டான இடத்துக்குச் சணல் அல்லது காகிதப் பையில் மாற்றுங்கள். பச்சை பிடித்தவற்றைச் சமைக்காதீர்கள். கிழங்கில் செம்பழுப்புத் திட்டு பரவியிருந்தால் அது கருகல் நோய், ஒன்று மற்றதைக் கெடுக்கும். வாரம் ஒருமுறை பையைக் கொட்டிப் பொறுக்க வேண்டும். வெங்காயத்தின் கழுத்து மெத்தென்று சாம்பல் பூத்தால் அது சரியாகக் காயாமல் உள்ளே வந்திருக்கிறது. பூசணியை மட்டும் கொட்டகையில் விடாதீர்கள். அதற்கு 10 டிகிரிக்கு மேல் வேண்டும், வீட்டு அலமாரியே ஏற்ற இடம்.

## கம்போஸ்ட் குவியல் குளிர்ந்து கிடக்கிறது, ஓரத்தில் வளை தெரிகிறது

ஜனவரியில் குவியல் சூடாகாமல் இருப்பது இயல்பு. நாற்றமடித்துக் குழைந்திருந்தால் ஈரம் மிகுந்துவிட்டது. கிழித்த அட்டையைக் கலந்து மேலே மழை படாமல் மூடுங்கள். பழைய தரைவிரிப்பால் மூடுவதைப் பல தோட்டங்கள் தடை செய்திருக்கின்றன, விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபோர்க்கைக் குத்துவதற்கு முன் முள்ளெலி உறங்குகிறதா என்று கையால் விலக்கிப் பாருங்கள்.

உள்ளங்கை அகல வளை எலியினுடையது, இரண்டு விரல் நுழையும் வளை சுண்டெலியினுடையது. சமைத்த உணவு, ரொட்டி, கோழித் தீவனச் சிந்தல் ஆகியவற்றை நிறுத்துவது முதல் படி. குவியலை அடிக்கடி புரட்டி நிம்மதியைக் கெடுப்பது இரண்டாவது. அடியில் கண் ஒரு சென்டிமீட்டருக்கும் சிறிய கம்பிவலை விரிப்பது மூன்றாவது. அப்படியும் போகாவிட்டால் விஷம் வாங்கித் தூவாதீர்கள், ஆந்தையும் முள்ளெலியும் சேர்ந்து சாகும். செயலாளர் மூலம் கவுன்சிலின் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பிரிவை அழையுங்கள். எலிச் சிறுநீர் கலந்த ஈரத்தின் வழியாக லெப்டோஸ்பைரோசிஸ் என்னும் எலிக்காய்ச்சல் தொற்றக்கூடும். கையுறை அணியுங்கள், சிராய்ப்பை மூடுங்கள். அதன்பின் காய்ச்சலும் கடும் தசைவலியும் வந்தால் தோட்ட வேலை செய்ததைக் குறிப்பிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

## கொட்டகைக் கூரை ஒழுகுகிறது

தார்த்தாளில் ஆணி தளர்ந்தோ விளிம்பு கிழிந்தோ இருந்தால் உலர்ந்த நாளில் நீங்களே ஒட்டிவிடலாம். கூரை சாம்பல் நிற நெளிதகடாக இருந்து, 1999க்கு முந்தைய கொட்டகையாக இருந்தால் நிறுத்துங்கள். அந்த ஆண்டில்தான் பிரிட்டனில் ஆஸ்பெஸ்டாஸ் முழுவதுமாகத் தடை செய்யப்பட்டது. அந்தத் தகட்டைத் துளைக்கவோ உடைக்கவோ பாசியைச் சுரண்டவோ கூடாது. கவுன்சிலுக்குத் தெரிவித்து, அதை அகற்றப் பயிற்சி பெற்றவரிடம் விட வேண்டும்.

## "நிலம் பயிரிடப்படவில்லை" என்று கடிதம் வருகிறது

அஞ்ச வேண்டாம், ஆனால் பதில் எழுதாமலும் இருக்க வேண்டாம். எளிய காரணம், வெறும் மண்ணைக் கண்டு ஆய்வாளர் தவறாக எண்ணியிருப்பது. எருப் பரப்பிய, மூடிய, பூண்டு நட்ட பாத்திகளைப் படமெடுத்துத் தேதியுடன் அனுப்புங்கள். நோயோ குடும்பச் சூழலோ காரணமென்றால் அதை எழுத்தில் சொல்லி, எந்த மாதத்துக்குள் எந்தப் பகுதியைச் சரிசெய்வீர்கள் என்றும் குறிப்பிடுங்கள். பெரும்பாலான செயலாளர்கள் இடம் கொடுப்பார்கள். முழு நிலமும் தாங்க முடியவில்லை என்றால் பாதி நிலமாக்கித் தரக் கேட்கலாம்.

இங்கிலாந்திலும் வேல்சிலும் 1908ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாடகை 40 நாள் நிலுவையில் இருந்தாலோ குத்தகை விதி மீறப்பட்டாலோ ஒரு மாத அறிவிப்பில் நிலத்தைத் திரும்பப் பெற முடியும். உங்கள் குற்றம் ஏதுமின்றி நிலத்தைக் கேட்டால், பொதுவாக குறைந்தது 12 மாத அறிவிப்பு வேண்டும். அது ஏப்ரல் 6 அல்லது அதற்கு முன்போ, செப்டம்பர் 29 அல்லது அதற்குப் பின்போ முடிய வேண்டும். கையில் வந்தது எந்த வகை அறிவிப்பு என்று பிரித்தறிவது முதல் வேலை. இரண்டாவது எச்சரிக்கைக் கடிதம் வந்துவிட்டால், குத்தகைத் தாளையும் அனுப்பிய பதில்களையும் எடுத்துக்கொண்டு, உறுப்பினராக இருந்தால் தேசிய அலாட்மென்ட் சங்கத்திடம் ஆலோசனை கேளுங்கள், அந்த ஒரு மாதம் ஓடி முடிவதற்குள்.